இகார்க்கா: யெனிசெய் ஆற்றங்கரையில் ஒரு சைபீரிய ஊர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இகார்க்கா எங்கே இருக்கிறது?

ரஷ்யாவின் கிராஸ்னயார்ஸ்க் பிரதேசத்தில், துருகான்ஸ்க் மாவட்டத்தில், யெனிசெய் ஆற்றின் வலது கரையில். ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி நேர்க்கோட்டில் சுமார் 100 கி.மீ. வடக்கே. தெற்கே இருக்கும் பெருநகரமான கிராஸ்னயார்ஸ்க்கிலிருந்து ஆற்று வழியாக ஏறத்தாழ 1,700 கி.மீ. போக வேண்டும். இகார்க்காவிலிருந்து ஆறு கரா கடலில் கலக்கும் இடத்துக்கு இன்னும் 670 கி.மீ. இருக்கிறது. கடலிலிருந்து இவ்வளவு உள்ளே தள்ளி இருந்தும் இது கடல் கப்பல்கள் வந்து நின்ற துறைமுகம். யெனிசெயின் கீழ்ப்பகுதி அவ்வளவு ஆழமும் அகலமும் கொண்டது.

வரைபடத்தில் பார்த்தால் ஊர் ஆற்றின் பிரதான ஓட்டத்தை ஒட்டி இல்லை என்பது தெரியும். நடுவில் ஒரு தீவு கிடக்கிறது. தீவுக்கும் கரைக்கும் இடையே போகும் கிளை ஓட்டத்தின் கரையில்தான் ஊர். இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கே இதுதான் காரணம். கப்பல் நிற்கத் தேவையான ஆழம் அந்தக் கிளையில் இருக்கிறது, அதே சமயம் வசந்தத்தில் பிரதான ஓட்டத்தில் பாய்ந்து வரும் பனிப்பாளங்களின் முழு வேகத்தையும் தீவு தாங்கிக்கொள்கிறது.

ஆறு வடக்கு நோக்கி ஓடுவதைப் பெரிய விஷயமாகச் சொல்கிறார்களே, ஏன்?

அந்தப் பகுதியின் வாழ்க்கையே அதைச் சுற்றித்தான் நடக்கிறது, அதனால்தான். யெனிசெய் தெற்கே துவா, சயான் மலைப் பக்கம் தொடங்கி வடக்கே போகிறது. வசந்தம் முதலில் தெற்கில் வரும். அங்கே பனி உருகி வெள்ளம் கிளம்பிவிடும். ஆனால் அந்த வெள்ளம் போய்ச் சேர வேண்டிய வடக்கில் ஆறு இன்னும் ஒரு மீட்டர் கனத்துக்கு உறைந்து கிடக்கும். வெள்ளம் வந்து முட்டும்போது உறைந்த பரப்பு வெடித்துப் பாளம் பாளமாக உடையும், பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வளைவுகளிலும் தீவுகளுக்கு இடையிலும் அடைத்துக்கொள்ளும், அடைப்புக்குப் பின்னால் தண்ணீர் பத்து மீட்டருக்கும் மேல் ஏறும். இகார்க்காவில் இது மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ நடக்கும். மரக்கட்டைகளைக் கரையிலிருந்து மேட்டுக்கு நகர்த்துவது, படகுகளை இழுத்து மேலே ஏற்றுவது எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அக்டோபரில் ஆறு மறுபடி உறைந்துவிடும். ஆகக் கப்பல் ஓடும் காலம் வருஷத்தில் நாலு மாதம் சொச்சம், அவ்வளவுதான்.

குளிர் எவ்வளவு? ஆறு மாதம் இருட்டு என்கிறார்களே, உண்மையா?

ஆறு மாதம் இருட்டு என்பது துருவப் புள்ளிக்குத்தான் பொருந்தும். இகார்க்காவில் சூரியன் தலைகாட்டாமல் இருப்பது டிசம்பர் பிற்பாதியில் ஏறக்குறைய இரண்டு வாரம். அப்போதும் நடுப்பகலில் சில மணி நேரம் விடியற்காலை போல ஒரு மங்கல் வெளிச்சம் இருக்கும். மறுபக்கம் ஜூன் முழுவதும், ஜூலை முதல் வாரங்கள் வரை சூரியன் மறைவதே இல்லை. ஜனவரி சராசரி வெப்பநிலை மைனஸ் 28 டிகிரியை ஒட்டி இருக்கும். மோசமான நாட்களில் மைனஸ் 50 வரை போகும். ஜூலையில் சராசரி 15 டிகிரி, சில நாள் நன்றாகவே சுடும், கொசுக்கள் மேகம் மேகமாகக் கிளம்பும்.

இப்படி ஒரு இடத்தில் ஊர் கட்ட யாருக்குத் தோன்றியது?

வெட்டவெளியில் திடீரென்று தோன்றிய யோசனை இல்லை இது. ஐரோப்பாவிலிருந்து வடக்குக் கடல் வழியாக சைபீரிய ஆறுகளுக்குள் சரக்குக் கப்பல் விட முடியுமா என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே முயன்று பார்த்தார்கள். ஜோசப் விக்கின்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் 1874-இல் கரா கடலைக் கடந்து வந்து வழி இருக்கிறது என்று காட்டினார். 1913-இல் நார்வே வணிகர் யோனஸ் லீட் ஏற்பாடு செய்த கப்பலில் துருவப் பயணி ஃப்ரிட்யோஃப் நான்சென் யெனிசெய் வரை வந்தார். ஆக வழி தெரியும். ஆனால் கடல் கப்பலும் ஆற்று மரமும் சந்திக்க ஒரு நிலையான துறைமுகம் இல்லை.

1920-களின் கடைசியில் சோவியத் அரசுக்கு அவசரமாக அந்நியச் செலாவணி வேண்டியிருந்தது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு இயந்திரங்கள் வாங்கியாக வேண்டும், விற்கக் கையில் இருந்தவற்றில் முக்கியமானது மரம். யெனிசெயிலும் அதன் துணையாறான அங்காராவிலும் வளரும் பைன் மரம் குளிரில் மெதுவாக வளர்வதால் நெருக்கமான வளையங்களோடு உறுதியாக இருக்கும், வெளிநாட்டில் நல்ல விலை. அதை ரயிலில் ஏற்றி மேற்கே பால்டிக் துறைமுகங்களுக்குக் கொண்டுபோனால் கட்டுப்படியாகாது. கட்டைகளைப் பெரிய பெரிய தெப்பங்களாகக் கட்டி ஆற்றோடு விட்டால் தண்ணீரே வடக்கே கொண்டுவந்துவிடும், இகார்க்காவில் பிடித்து அறுத்துப் பலகையாக்கிக் கப்பலில் ஏற்றலாம் என்பதுதான் கணக்கு. வடகடல் பாதைக் கழகமான 'கொம்செவெர்புத்' 1929-இல் வேலையைத் தொடங்கியது. 1931-இல் இகார்க்கா நகரமாக அறிவிக்கப்பட்டது. பிறகு சோவியத் ஒன்றியத்தின் மிகப்பெரிய மர ஏற்றுமதித் துறைமுகங்களில் ஒன்றாக வளர்ந்தது.

இரண்டே வருஷத்தில் நகரமா? யார் கட்டினார்கள்?

இந்தக் கேள்விக்கு 'சோவியத் தொழிலாளர்கள்' என்று ஒற்றை வரியில் பதில் சொல்லிவிட்டுப் போகும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. சம்பளத்துக்காகவும் ஆர்வத்தாலும் விரும்பி வந்தவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் முதல் பத்தாண்டில் ஊரைக் கட்டி, ஆலையில் மரம் அறுத்து, கப்பலில் ஏற்றியவர்களில் மிகப் பெரும் பங்கு நாடுகடத்தப்பட்ட விவசாயக் குடும்பங்கள். 1930-இல் தொடங்கி, கூட்டுப்பண்ணை நடவடிக்கையின்போது 'குலாக்' (வசதியான விவசாயி) என்று முத்திரை குத்தி, நிலத்தையும் வீட்டையும் மாட்டையும் பிடுங்கிக்கொண்டு, குழந்தை குட்டிகளோடு படகில் ஏற்றி இங்கே இறக்கினார்கள். சிறைக் கைதிகள் என்ற பெயர் கிடையாது, 'சிறப்புக் குடியேறிகள்' என்று பெயர். ஆனால் அனுமதியில்லாமல் ஊரைவிட்டு நகர முடியாது.

முதல் குளிர்காலத்தில் அவர்கள் தங்கியவை மண்ணைத் தோண்டிய குழிவீடுகளும் அவசரமாக அடித்த பலகைக் கொட்டகைகளும். 1939 வாக்கில் ஊரின் மக்கள்தொகை 20,000-ஐத் தாண்டியிருந்தது. தெருக்களில் மண் சாலை கிடையாது. கோடையில் மேல்மண் இளகிச் சேறாகிவிடும் என்பதால் தெருவுக்கும் நடைபாதைக்கும் பலகைதான். அறுவை ஆலையில் பலகைக்குப் பஞ்சமில்லை, ஊரே மரத்தின்மேல் நின்றது.

அதோடு முடியவில்லை. போர்க்காலத்தில் வோல்கா ஜெர்மானியர்கள், லாட்வியர்கள், லெனின்கிராட் பகுதியின் ஃபின் இனத்தவர் என்று இன்னொரு அலை. 1948-இல் லிதுவேனியாவிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்தார்கள். குளிர், பட்டினி, காய்கறியில்லாமல் வரும் ஸ்கர்வி நோய் இவற்றில் நிறையப் பேர் இறந்தார்கள். ஸ்டாலின் இறந்தபின் 1950-களின் பிற்பாதியில்தான் மிஞ்சியவர்களில் பலருக்குத் திரும்பிப் போக வழி கிடைத்தது.

எழுத்தாளர் விக்தர் அஸ்தாஃபியெவ் 1930-களில் சிறுவனாக இந்த ஊரில் வளர்ந்தார், அநாதை இல்லத்தில் இருந்தார். இன்றைய வாசகர்கள் பலர் இகார்க்கா என்ற பெயரைத் தெரிந்துகொண்டதே அவரால்தான்.

உறைந்த மண்ணின்மேல் வீடு எப்படி நிற்கிறது?

ஆரம்பத்தில் நிற்கவில்லை என்பதுதான் உண்மை. இங்கே மேல்மண்ணுக்குக் கீழே நிலம் வருஷம் முழுக்க உறைந்தே கிடக்கும், அதைத்தான் உறைநிலம் என்பார்கள். மண் உறைந்திருக்கும்வரை கல் மாதிரி இருக்கும், அதன்மேல் எவ்வளவு பாரம் வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் வீடு கட்டி உள்ளே அடுப்பு மூட்டினால் அந்தச் சூடு தரை வழியாக இறங்கும், அடியில் உள்ள பனிக்கட்டி உருகும், ஒரு மூலை இறங்கும், சுவர் விரிசல் விடும், கதவு திறக்காது. முதல் கட்டடங்கள் பல இப்படித்தான் சாய்ந்தன. மின்நிலையம், அறுவை ஆலை மாதிரி அதிர்வும் வெப்பமும் சேர்ந்த கட்டடங்களுக்கு இது இன்னும் ஆபத்து.

அதனால் 1930-இலேயே இங்கே உறைநில ஆய்வு நிலையம் ஒன்றை அமைத்தார்கள். அங்கே வேலை செய்தவர்கள் வருஷக்கணக்காக மண்ணில் துளை போட்டு வெப்பநிலை அளந்து பார்த்துக் கண்டுகொண்டது, குளிரை எதிர்க்கக் கூடாது, காப்பாற்ற வேண்டும் என்பது. வீட்டை நேரே தரையில் உட்கார வைக்காமல் தூண்களின்மேல் தூக்கி, அடியில் காற்று போக இடைவெளி விட வேண்டும். குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரிக் காற்று அந்த இடைவெளியில் புகுந்து மண்ணை நன்றாக உறையவைக்கும், வீட்டிலிருந்து இறங்கும் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். அந்தக் குளிர்ச் சேமிப்பு கோடையைத் தாண்டப் போதும். பிற்காலத்தில் சைபீரிய வடக்கு முழுவதும் அடுக்குமாடிகள் தூண்களின்மேல் நிற்பதற்கு இங்கே செய்த சோதனைகளுக்கும் பங்கு உண்டு. இகார்க்கா உலகத்துக்குக் கொடுத்தவற்றில் மரத்தைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

நிலத்தடி அருங்காட்சியகம் என்கிறார்களே, அது என்ன?

அதே ஆய்வு நிலையத்தின் தொடர்ச்சிதான். 1936-இல் தொடங்கி மண்ணுக்கடியில் சுரங்க அறைகள் வெட்டினார்கள், உறைந்த மண்ணின் குணத்தை அதன் இடத்திலேயே வைத்துப் பார்க்க. ஆழம் 7 மீட்டரிலிருந்து 14 மீட்டர் வரை. உறைநில அறிவியலின் முன்னோடியான மிகயீல் சூம்கினுக்கு ஒரு கனவு இருந்தது. உறைமண்ணுக்குள் ஒரு காப்பகம் அமைத்து, விலங்குகளின் உடல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு அழியாமல் வைக்க வேண்டும் என்றார். அந்த யோசனையின் சிறு வடிவமாக இகார்க்காவின் சுரங்கம் 1965-இல் அருங்காட்சியகமானது.

மரப்படிகளில் இறங்கினால் கோடை நடுவிலும் மைனஸ் நாலைந்து டிகிரி. சுவரில் மண்ணும் பனிக்கட்டியும் மாறி மாறி மெல்லிய வரிகளாக அடுக்கி இருக்கும். ஒவ்வொரு வரியும் அந்த மண் உறைந்த விதத்தைச் சொல்லும். மனிதர்கள் விடும் மூச்சின் ஈரம்கூடக் கூரையில் போய் ஒட்டிப் படிகமாக வளரும். பனிக்கட்டிக்குள் உறையவைத்த மீன்கள், பூக்கள், செடிகள் நிறம் மாறாமல் இருக்கின்றன. யெனிசெய்க் கரையில் பனி மலை என்று அழைக்கப்படும் இடத்தில் பனியூழிக் காலத்துப் பனிக்கட்டி மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது, அதன் துண்டும் இங்கே உண்டு.

இன்னொன்று. 1950-இல் ஆய்வு நிலையத்தார் போர்க்காலச் செய்தித்தாள்களைச் சுரங்கத்தில் வைத்து மூடினார்கள். போர் வெற்றியின் நூற்றாண்டான 2045-இல் திறக்க வேண்டும் என்று குறிப்பு.

'செத்த ரயில்பாதை' இந்த ஊருக்கா வந்தது?

வர வேண்டியது, வரவில்லை. 1947-இல் ஸ்டாலின் வடக்கே ஓப் ஆற்றின் வளைகுடாவில் காமென்னி முனையில் ஒரு துறைமுகமும் அதற்கு ரயில்பாதையும் கட்ட உத்தரவிட்டார். வேலை தொடங்கிய பிறகு அங்கே கடல் ஆழம் போதாது என்று தெரிந்தது. 1949 ஜனவரியில் திட்டத்தை அப்படியே கிழக்கே திருப்பினார்கள். துறைமுகம் இகார்க்காவில், பாதை ஓப் ஆற்றங்கரை ஊரான சலேகார்டிலிருந்து இகார்க்கா வரை, கிட்டத்தட்ட 1,300 கி.மீ. மேற்குப் பக்க வேலைக்குக் 'கட்டுமானம் 501', கிழக்குப் பக்கத்துக்குக் 'கட்டுமானம் 503' என்று பெயர். 503-இன் தலைமையிடம் இகார்க்காவுக்குத் தெற்கே யெனிசெயின் இடது கரையில் இருந்த எர்மகோவா.

கட்டியவர்கள் கைதிகள், பத்தாயிரக்கணக்கில். பாதையோரம் சில கிலோமீட்டருக்கு ஒரு முகாம். சரியான அளவெடுப்பு முடியும் முன்பே தண்டவாளம் போட்டார்கள். பாதை போன இடமெல்லாம் சதுப்பும் உறைமண்ணும், கோடை வந்தால் கரை இறங்கும், தண்டவாளம் நெளியும், மறுபடி மண் கொட்டுவார்கள். ஓப், யெனிசெய் இரண்டுக்கும் பாலம் கிடையாது, ரயிலைப் படகில் ஏற்றிக் கடத்தும் திட்டம்.

1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். சில வாரங்களில் வேலை நின்றது. அதற்குள் 700 கி.மீ.க்கு மேல் பாதை போட்டிருந்தார்கள், இரண்டு பக்கமும் நடுவில் சந்திக்கவே இல்லை. ரயில் எஞ்சின்களைத் திருப்பிக் கொண்டுபோகச் செலவு அதிகம் என்று காட்டிலேயே விட்டுவிட்டார்கள், அவை இன்னும் பிர்ச் மரங்களுக்கு நடுவே துருப்பிடித்து நிற்கின்றன. எர்மகோவாவில் இன்று குடியிருப்பு இல்லை. இகார்க்கா அருங்காட்சியகம் 503-க்கென்று தனிப்பகுதி வைத்திருக்கிறது. போகிறவர்கள் நிலத்தடியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாமல் அதையும் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஸ்டாலினே இந்தப் பக்கம் நாடுகடத்தப்பட்டிருந்தாராமே?

ஆமாம், ஜார் ஆட்சிக் காலத்தில். 1914-இலிருந்து 1916 கடைசி வரை குரெய்க்கா என்ற சிற்றூரில், இகார்க்காவுக்குத் தெற்கே யெனிசெய்க் கரையில். பின்னாளில் அவர் தங்கிய குடிசையைச் சுற்றிப் பெரிய மண்டபம் கட்டினார்கள், முன்னால் சிலை வைத்தார்கள். 1961-இல் சிலையை யெனிசெய்க்குள் தள்ளிவிட்டார்கள்.

1962 தீ விபத்து பற்றிச் சொல்லுங்கள்.

மரத்தால் கட்டிய ஊர், சுற்றிலும் ஏற்றுமதிக்குக் காயப்போட்ட பலகை அடுக்குகள், தெருவெல்லாம் மரத்தூள். 1962 கோடையில் பலகைக் கிடங்குப் பக்கம் பிடித்த தீ ஊருக்குள்ளும் புகுந்தது, பழைய ஊரின் பெரும்பகுதி போய்விட்டது. அதற்குப் பிறகுதான் தூண்களின்மேல் செங்கல், கான்கிரீட் அடுக்குமாடிகளோடு புதிய குடியிருப்புகள் எழுந்தன. இன்று மக்கள் வசிப்பது அங்கேதான்.

மக்கள்தொகை ஏன் இப்படிச் சரிந்தது?

1989-இல் 18,820 பேர். 2002-இல் 8,627. 2010-இல் 6,183. இப்போது ஏறத்தாழ 4,000.

சோவியத் ஒன்றியம் கலைந்ததும் வடக்கில் இருப்பதற்கு அரசு கொடுத்த கூடுதல் சம்பளமும் மானியங்களும் மதிப்பிழந்தன. ஆனால் இகார்க்காவை அதைவிடப் பலமாக அடித்தது தெற்கே 1975-இல் உருவான லெசசிபீர்ஸ்க் நகரம். அங்கே ரயில் இருக்கிறது, அறுவை ஆலைகள் இருக்கின்றன, ஆறு-கடல் இரண்டிலும் ஓடும் கப்பல்கள் நேரே அங்கே வந்து ஏற்றிக்கொள்ள முடியும். அப்புறம் எதற்கு கட்டைகளை அவ்வளவு தூரம் வடக்கே மிதக்கவிட்டு, எரிபொருளுக்கும் உணவுக்கும் பெருஞ்செலவு ஆகும் ஊரில் அறுக்க வேண்டும்? கணக்கு நேரடியானது, விளைவு கொடூரமானது. கப்பல்கள் குறைந்தன, 2000-களின் தொடக்கத்தில் மர ஆலை நின்றுபோனது, ஒரே ஆலையை நம்பியிருந்த ஊருக்கு வேறு பிழைப்பு இல்லை. முடிந்தவர்கள் தெற்கே போனார்கள். மழலையர் பள்ளிகள் மூடின, பழைய ஊர்ப் பகுதியில் வீடுகள் காலியாகி இடிந்தன.

அப்படியானால் இது பேய் ஊர்தானே?

இல்லை, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். இடிந்த வீடுகளின் படங்களை மட்டும் போட்டு இணையத்தில் பரப்பியதால் வந்த பெயர் அது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, கடைகள் எல்லாம் நடக்கிற ஊர். 2009-இல் ரோஸ்நெஃப்ட் நிறுவனத்தின் வன்கோர் எண்ணெய் வயல் உற்பத்தியைத் தொடங்கியது, இங்கிருந்து சுமார் 140 கி.மீ. தூரம். முறை மாற்றி வேலைக்குப் போகும் தொழிலாளர்கள் இகார்க்கா விமான நிலையத்தில் இறங்கி ஹெலிகாப்டரில் வயலுக்குப் போகிறார்கள். அதனால் இவ்வளவு சின்ன ஊருக்கு இருக்க வேண்டியதைவிட விமான நிலையம் சுறுசுறுப்பாக இருக்கிறது. எண்ணெய்ப் பணத்தில் எவ்வளவு ஊருக்குள் நிற்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் தலைக்கு மேல் பறந்துபோய்விடுகிறது என்பதுதான் என் கணிப்பு. வேலைக்கு வருகிறவர்கள் ஊரில் தங்குவதில்லை.

பருவநிலை ஆராய்ச்சிகளில் இகார்க்கா பெயர் அடிக்கடி வருகிறதே?

யெனிசெய் கடலுக்கு எவ்வளவு தண்ணீர் கொண்டுபோகிறது என்று அளக்கும் நிலையம் இங்கே இருப்பதால். 1936-இலிருந்து தொடர்ச்சியான பதிவு இருக்கிறது. ரஷ்யாவிலேயே அதிக நீர் ஓடும் ஆறு இது, வருஷத்துக்கு ஏறத்தாழ 600 கன கி.மீ. உலகக் கடல்நீரில் ஆர்க்டிக் பெருங்கடலின் பங்கு சுமார் 1 சதவீதம்தான், ஆனால் உலக ஆறுகளின் நீரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதில் போய் விழுகிறது. அந்த நன்னீரின் அளவு மாறினால் கடல் பனியும் நீரோட்டங்களும் மாறும். யுரேசியாவின் ஆறு பெரிய ஆர்க்டிக் நதிகளின் ஓட்டம் 1936-க்கும் 1999-க்கும் இடையே சுமார் 7 சதவீதம் கூடியது என்று 2002-இல் வந்த ஆய்வு சொன்னது, அந்தக் கணக்கில் யெனிசெய்க்கான எண்கள் இகார்க்காவில் எடுத்தவை. போர், தீ, ஊர் காலியானது எதிலும் இந்த அளவெடுப்பு கைவிடப்படவில்லை.

போவது எப்படி?

ரயில் கிடையாது, வருஷம் முழுக்க ஓடும் சாலையும் கிடையாது. கிராஸ்னயார்ஸ்க்கிலிருந்து விமானம் உண்டு. விமான நிலையம் நான் முதலில் சொன்ன அந்தத் தீவில் இருக்கிறது, ஊருக்கும் அதற்கும் பாலம் இல்லை. கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேல் கார். இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில், பனி உடையும்போதும் உறையும்போதும், ஹெலிகாப்டரோ மிதவை ஊர்தியோதான், தாமதத்துக்குத் தயாராகப் போங்கள்.

அவசரம் இல்லை என்றால் ஆற்று வழியே போவதைத்தான் சொல்வேன். ஜூன் தொடங்கி இலையுதிர்காலம் தொடங்கும்வரை கிராஸ்னயார்ஸ்க்கிலிருந்து, இகார்க்காவுக்கும் வடக்கே உள்ள துறைமுக ஊரான துதீன்காவுக்குப் பயணிகள் கப்பல் ஓடுகிறது, இகார்க்கா வழியில் வரும், ஆற்றோட்டத்தோடு போகும்போது மூன்று நான்கு நாள் ஆகும். வெளிநாட்டவருக்கு யெனிசெயின் வடபகுதியில் அனுமதிக் கட்டுப்பாடுகள் உண்டு, துதீன்காவுக்கும் நரீல்ஸ்க்குக்கும் கண்டிப்பாக. அதனால் டிக்கெட் எடுக்கும் முன்பே அனுமதியைப் பற்றி விசாரித்துவிடுங்கள். ஜூலை கடைசியில் போனால் ஆறு திறந்திருக்கும், இரவிலும் வெளிச்சம் இருக்கும். கொசுவலை போட்ட தொப்பி ஒன்றும், சுரங்கத்துக்குள் இறங்கத் தடித்த கம்பளிச் சட்டை ஒன்றும் பையில் இருக்கட்டும்.